ஃபிரிட்ஜ், மெத்தை, அலமாரி: ரெயூனியோனில் எதை யாரிடம் தள்ளிவிடுவது?

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும் வழக்கம் காரைக்காலில் எப்படியோ, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனில், இங்கே சேந்த் ஆந்த்ரே ஊரிலும் அப்படித்தான். ஆனால் இங்கே தீபாவளி முடிந்த கையோடு புயல் பருவம் தொடங்கிவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வானத்தை நம்ப முடியாது. ஊரில் கொல்லைப்புறத்தில் கிடக்கும் பழைய சாமான் வெறும் அடைசல். இந்தத் தீவில் அது காற்றில் பறக்கும், மழையில் நிரம்பும், கொசு வளர்க்கும்.

போன ஆண்டு எங்கள் வீட்டிலிருந்து மூன்று பெரிய சாமான்கள் வெளியேறக் காத்திருந்தன. பதினாறு வயதான ஃபிரிட்ஜ், நடுவில் குழி விழுந்த இரட்டை மெத்தை, மாமியாரின் அலமாரி. மூன்றையும் மூன்று வழியில் அனுப்பினேன். எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டால் லாரி வந்து எடுத்துப் போகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எடுத்துப் போகும். ஆனால் அந்த வழியில் எனக்கு ஒரு பழைய கசப்பு உண்டு.

முதலில் அந்த லாரியையே பார்ப்போம். பெரிய சாமான்களை இங்கே எல்லோரும் அங்கோம்பிரான் என்கிறார்கள். தீவின் 24 கொம்யூன்களும், அதாவது நகராட்சிகளும், ஐந்து கூட்டமைப்புகளாகச் சேர்ந்து குப்பை வேலையைப் பார்க்கின்றன. எங்கள் கிழக்குப் பகுதிக்கு சிரெஸ்த், வடக்கே சினோர், மேற்கே தேசேஓ, தெற்கே சிவிஸ், காசூத். எந்த நாள், எவ்வளவு, எதை எடுப்பார்கள் என்ற விதி கூட்டமைப்புக்குக் கூட்டமைப்பு மாறும். சேன் பியேரில் இருக்கும் மச்சான் சொன்னதை நம்பி சேந்த் ஆந்த்ரேயில் மெத்தையை வெளியே வைக்காதீர்கள்.

இந்த வழியின் அழகு, கார் வேண்டாம், தூக்க ஆள் வேண்டாம், பணம் வேண்டாம். வாசல் வரை நகர்த்தினால் போதும். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அதன் பலவீனம், சாமான் திறந்த வானத்தின் கீழ் காத்திருக்க வேண்டும் என்பது. ஒரு ராத்திரி என்றால் சரி. சில ஆண்டுகளுக்கு முன் நான் குப்பை எடுக்கும் நாள்காட்டியில் தோட்டக் கழிவுக்கான வரிசையை அங்கோம்பிரான் வரிசை என்று படித்துவிட்டேன். முழுக்க என் தவறு. பழைய ஃப்ரீசரை, படுக்கை வாட்டத்தில் நீளமாக இருக்குமே அந்த வகையை, வாசலில் இறக்கி வைத்தேன். லாரி வரவில்லை. இரண்டாம் இரவு யாரோ வந்து பின்பக்கத் தகட்டைப் பெயர்த்து, செம்புக் குழாயை நறுக்கி, கம்ப்ரசரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூடியும் போயிற்று. அடுத்து இரண்டு நாள் மழை. ஒரு வாரம் கழித்து எட்டிப் பார்த்தால் தொட்டியில் முக்கால்வாசி தண்ணீர். பரப்பின் கீழே நூல் நூலாகக் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

இதை எழுதும்போது எனக்கு இன்னும் கூசுகிறது. 2005, 2006-ல் சிக்குன்குனியா இந்தத் தீவில் சுமார் 2,66,000 பேரைப் படுக்க வைத்தது. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் அதே காய்ச்சல் மறுபடி வந்தது. அதைப் பரப்பும் புலிக்கொசுவுக்குக் குளமோ குட்டையோ தேவையில்லை. பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீரே போதும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். நான் அதற்கு ஒரு ஃப்ரீசரையே கொடுத்திருக்கிறேன்.

குழாயை நறுக்கியபோது வெளியேறிய வாயு வேறு கணக்கு. 1990-களின் நடுப்பகுதிக்கு முன் வந்த பெட்டிகளில் ஓசோனை அரிக்கும் வாயு இருந்தது. பிறகு வந்த பலவற்றில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு. முறைப்படி உறிஞ்சி எடுக்க வேண்டியதை, ரம்பத்தோடு வந்தவர் ஒரே அறுப்பில் திறந்துவிட்டுப் போகிறார்.

ஆகவே இந்த முறை ஃபிரிட்ஜுக்குக் கடைவழிதான் என்று முடிவெடுத்தேன். பிரெஞ்சுச் சட்டப்படி புதிய பெட்டி வாங்கினால் அதே வகைப் பழையதைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒன்று. 2022 முதல் மெத்தை, நாற்காலி, அலமாரி விற்கும் பெரிய கடைகளுக்கும் இதே கடமை உண்டு. இது தர்மம் அல்ல. பில்லின் அடியில் எக்கோ பர்த்திசிபாசியோன் என்று ஒரு சிறு தொகை இருக்கும். பழையதை அப்புறப்படுத்தும் செலவை வாங்கும்போதே நம்மிடம் வசூலித்துவிடுகிறார்கள்.

இது தெரியாமல் போனால் ஏமாறுவோம். பெட்டி கொண்டுவந்த இளைஞர் புதியதை இறக்கிவிட்டு, பழையதற்குத் தனக்கு உத்தரவில்லை என்று வண்டியில் ஏறப் போனார். பில்லை எடுத்து அந்த வரியை விரலால் காட்டினேன். கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, நீண்ட பெருமூச்சு, பிறகு ஃபிரிட்ஜ் வண்டியில் ஏறியது. வானத்தின் கீழ் அது கழித்தது நான்கு நிமிடம். என் கணக்கில் ஃபிரிட்ஜுக்கு இதற்கு ஈடான வழி இல்லை. குறை ஒன்றுதான்: புதியது வாங்காதவருக்கு இந்தக் கதவு திறக்காது. இஸ்திரிப்பெட்டி அளவுக்குச் சிறியவற்றை மட்டும், எதுவும் வாங்காமலே பெரிய மின்சாமான் கடைகளில் போடலாம்.

மெத்தைக்குப் புதியது வாங்கவில்லை. மகன் மேற்படிப்புக்குப் பிரான்சுக்குப் போய்விட்டான், அறை காலி. அதனால் தேஷெத்ரி, அதாவது கழிவுகளை நாமே கொண்டுபோய்ப் பிரித்துப் போடும் மையம். பெயரைக் கேட்டுக் குப்பைமேடு என்று நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். மேடை மேல் காரை ஏற்றிப் பின்பக்கமாக நிறுத்தினால், கீழே பெரிய பெரிய இரும்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். மரம், இரும்பு, இடிபாடு, தோட்டக் கழிவு, அட்டை. மின்சாமானுக்குத் தனி இடம். வீட்டுக்காரர்களுக்கு இலவசம், முகவரிச் சான்று மட்டும் கேட்பார்கள். அங்கே நிற்கும் ஊழியரின் கண் கழுகுக் கண். மரப்பெட்டியில் நான் போடப் போன பலகையில் ஒட்டியிருந்த இரும்புக் கீலைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

சிரமம் முழுவதும் அங்கு போய்ச் சேர்வதில்தான். இரட்டை மெத்தை எந்தச் சிறிய காருக்குள்ளும் மடங்காது. மனைவியின் மாமாவிடம் பிக்கப் இருந்ததால் பிழைத்தேன். அவருக்கு ஒரு வேளை கறிச்சோறு செலவு. சனிக்கிழமை காலையில் போகாதீர்கள், தீவே அங்கே நிற்கும். புயலுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். 2025 பிப்ரவரி 28-ல் கரான்ஸ் புயல் அடித்த பிறகு எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் கிளையும் தகரமுமாகக் குவிந்து கிடந்தது. தீபாவளியிலேயே ஒழித்துவிடச் சொல்வது அதனால்தான்.

அலமாரி கடைசியாக நின்றது. மாமியார் அதை லாரிக்குக் கொடுக்கலாம் என்றார். நான் ஒரு கதவை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். புழுதிக்கடியில் தேன் நிறத்தில் ரேகை ஓடியது. மலைமேல் வளரும் தமரேன் மரம். பெயரில்தான் புளி, உண்மையில் வேல மரத்தின் சொந்தம், இந்தத் தீவுக்கே உரியது. அடிச்சட்டத்தில் மட்டும் கறையான். இதை மரப்பெட்டியில் வீசுவது பாவம். இப்படிப்பட்டதற்கு எம்மாவுஸ் போன்ற மறுபயன்பாட்டு அமைப்புகள் உண்டு, பழுது பார்த்து விற்பார்கள். ஆனால் அவர்களும் குப்பைத் தொட்டி அல்லர். நுரை பிதுங்கிய சோபாவை அன்பளிப்பு என்று தூக்கிப் போனால் திருப்பி அனுப்புவார்கள், அது நியாயம். எங்கள் அலமாரி அதுவரைகூடப் போகவில்லை. தெருமுனைத் தச்சர் பார்த்த மாத்திரத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவதாக ஒரு வழியும் இருக்கிறது, இருட்டியதும் ரவீனுக்குள், அதாவது மழைநீர் ஓடும் பள்ளத்தாக்குக்குள், தள்ளிவிடுவது. ஒப்பீட்டுக்கே தகுதியில்லாதது. சிக்கினால் 135 யூரோ. வண்டியில் கொண்டுபோய்க் கொட்டினால் 1,500 யூரோ வரை போகலாம், வண்டியையே பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. சிக்காவிட்டாலும் அடுத்த பெருமழையில் பள்ளத்தாக்கு அந்தச் சோபாவைக் கீழே இருப்பவர் வாசலில் கொண்டுவந்து சேர்க்கும்.

ஓடாத மின்விசிறி ஒன்றும் கால் போன மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளும் இன்னும் கொட்டகையில் இருக்கின்றன. விசிறி தேஷெத்ரிக்கு. நாற்காலிகளுக்கு லாரி போதும், கவிழ்த்து வைத்தால் தண்ணீர் நிற்காது. நாள்காட்டியில் சரியான வரிசையை இந்த முறை மனைவி வட்டமிட்டிருக்கிறார், என்னை நம்பவில்லை.