எலுமிச்சைத் தோல் எண்ணெய்: பிழிந்ததா, வாலையில் வடித்ததா?

கோடை முடிந்து புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை விலை இறங்கும்போது, தோலிலிருந்து எண்ணெய் எடுத்துச் சோப்புக்கோ தரை துடைக்கும் திரவத்துக்கோ பயன்படுத்தலாம் என்ற யோசனை பலருக்கு வரும். எந்த முறையில் எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். ஒரே தோல்தான் என்றாலும், பிழிந்த எண்ணெயும் வாலையில், அதாவது ஆவியாக்கிக் குளிரவைக்கும் கலத்தில், வடித்ததும் வேதியியலில் வேறு வேறு சரக்கு.

இரண்டிலும் ஏறக்குறைய பாதி லிமோனீன் என்ற மணச் சேர்மம். பிழிந்ததில் அதோடு காமா டெர்பினீன், பீட்டா பைனீன், சுமார் 5 சதவீதம் சிட்ரால் இருக்கும். பறித்த பழத்தின் கூரிய மணம் சிட்ராலுடையது. பழத்தைச் சாறோடு நசுக்கி வடித்தால், கொதிக்கும் புளிப்பில் சிட்ரால் சிதைந்து 1, 2 சதவீதமாகச் சுருங்கிவிடும். அந்த இடத்தில் ஆல்ஃபா டெர்பினியால், டெர்பினோலீன், சினியோல் ஆகியவை உருவாகும். குளிர்பான எலுமிச்சை மணம் என்று நாம் அறிந்தது இதுதான். சிட்ராலைக் காப்பாற்ற வேண்டுமானால் வாலைக்குள் சாறு ஒரு சொட்டும் போகக் கூடாது, தோல் மட்டுமே போக வேண்டும்.

கிருமியை எது கொல்லும்? லிமோனீன் அளவில் அதிகம், வேகத்தில் குறைவு. சிட்ராலும் டெர்பினியாலும்தான் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசியவிடுகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் வகை சீக்கிரம் மடியும். ஈ.கோலி, சூடோமோனாஸ் போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு கவசமாக இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கும். எலுமிச்சைச் சாற்றின் கிருமி எதிர்ப்பு சிட்ரிக் அமிலத்தால் வருவது, அதை எண்ணெயின் கணக்கில் எழுதக் கூடாது.

பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் எண்ணெய் தோய்ந்த காகித வில்லை வைத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பி இரண்டு எண்ணெய்களையும் ஒப்பிடுவது தவறு. லிமோனீன் தண்ணீரில் கரையாது, அகாருக்குள் பரவாது, அதனால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் சிறுத்துத் தெரியும். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் குழம்பாக்கி சேர்த்துத் திரவ ஊடகத்தில் நீர்த்துப் பார்ப்பதே சரி. அதிலும் குழம்பாக்கி கூடிப்போனால் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலை செய்யவிடாது.

பிழிவதற்கு: பழத்தைக் கழுவித் துடைத்து, மேலே இருக்கும் நிறத்தோலை மட்டும் சீவ வேண்டும். எண்ணெய்ப் பைகள் அங்கேதான் இருக்கின்றன. பச்சைத் தோலை மடக்கித் தீக்குச்சிச் சுடர் அருகே அழுத்தினால் தெறிக்கும் பொறியே அதற்குச் சாட்சி. வெள்ளைச் சதை சேர்ந்தால் அதிலுள்ள பெக்டின் என்ற பசை எண்ணெயையும் தண்ணீரையும் பால்போல் கட்டிவைக்கும், பிரியாது. குளிர்நீர் தெளித்துப் பிழிந்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே நிற்பதை இறுத்துக்கொள்ளலாம். அடியில் மெழுகு படியும், அதைக் கலக்கிவிடாதீர்கள்.

வாலைக்கு: சீவிய தோல் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், துளைத்தட்டின் மேல் தோல். தட்டு இல்லாவிட்டால் தோல் அடியில் பிடித்துக் கருகி நாறும். குளிரூட்டும் சுருளில் வெளியேறும் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே சூடாகியிருக்கும், அப்போது எண்ணெய் ஆவியாகவே தப்பிவிடும். ஐஸ் போடுங்கள், அல்லது விடியற்காலையில் வடியுங்கள். எண்ணெய் தண்ணீரின் மேலே மிதக்கும்.

நம் உடம்பில் படும் பொருளுக்கு என் தேர்வு வாலை எண்ணெய்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிழிந்ததில் பெர்காப்டென் போன்ற ஃபுரானோகூமரின்கள், அதாவது வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் சேர்மங்கள், வருகின்றன. உடலில் பூசிக்கொண்டு நெல்லை வெயிலில் நடந்தால் தோல் வெந்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கழுவாமல் விடும் பூச்சில் பிழிந்த எண்ணெய் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாலையில் இந்தக் கனமான மூலக்கூறுகள் ஆவியோடு ஏறாது. அறைக்கு மணமும் ஆவிவழி கிருமி எதிர்ப்பும் வேண்டுமானால் சிட்ரால் மிகுந்த பிழிந்ததே மேல்.

ஆரஞ்சுத் தோல் எண்ணெய் மலிவு. ஆனால் 95 சதவீதம் லிமோனீன்தான், எண்ணெய்ப் பிசுக்கு நீக்க அருமை, கிருமிக்குப் பலவீனம்.

தரைத் திரவத்துக்கு 10 மி.லி. எண்ணெயை முதலில் 40 மி.லி. பாலிசார்பேட் 20 என்ற குழம்பாக்கியில் நன்றாகக் கலக்கி, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி 1 லிட்டராக்குங்கள். தண்ணீரில் நேரே ஊற்றினால் எண்ணெய் மிதந்து, முதல் துடைப்பிலேயே தீர்ந்துவிடும். இதை நோயாளி அறைக்கான கிருமிநாசினியாக எண்ண வேண்டாம், அங்கே பிளீச்சிங் கரைசல்தான். திரவம் கெடாமலிருக்கவும் இந்த எண்ணெய் போதாது. சோடியம் பென்சோயேட் சேர்த்து, பி.எச். 4.5-க்குக் கீழே வைக்க வேண்டும்.

எந்த எண்ணெயானாலும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். காற்றுப் பட்ட லிமோனீன் பெராக்சைடாக மாறித் தோலில் ஒவ்வாமை தரும். தெர்மோகோல், மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்களை அது கரைத்தே விடும்.