டேஷ் கேமுக்குப் போலி மெமரி கார்டு: எனக்கு அரை மாதச் சம்பளம் போனது, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிய பிறகு உட்கார்ந்தால் "சரி, விட்டுத் தொலை" என்று பாதியை மறைத்துவிடுவேன். ஆன்லைனில் வாங்கிய ஒரே ஒரு மெமரி கார்டால் எனக்கு அரை மாதச் சம்பளம் போயிருக்கிறது. கார்டின் விலையைச் சொல்லவில்லை, அது பெரிய தொகையே இல்லை. விபத்து நடந்த அன்று அந்தக் கார்டில் இருந்திருக்க வேண்டிய வீடியோ இல்லை. அதனால் வண்டி ரிப்பேர் செலவில் ஒரு பெரிய பங்கு என் தலையில் விழுந்தது. காரில் டேஷ் கேம் (ஓட்டும்போது சாலையை வீடியோவாகப் பதியும் கேமரா) வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எந்தக் கார்டு வாங்குவது, கேமராவில் எந்த செட்டிங் வைப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கியது பல விற்பனையாளர்கள் ஒரே கூரையின் கீழ் கடை போட்டிருக்கும் பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில். பெயர் வேண்டாம். டேஷ் கேமுக்குச் சாதாரணக் கார்டு தாங்காது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஃபோனில் போடும் கார்டில் எப்போதாவது ஒரு படம், ஒரு பாட்டு ஏறும். டேஷ் கேமில் வண்டி ஓடும் நேரமெல்லாம் கார்டு எழுதிக்கொண்டே இருக்கிறது. 1080பி (ஃபுல் ஹெச்டி) வீடியோவை நொடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 7 ஜிபிக்கு மேல் ஆகும். 128 ஜிபி கார்டு 17, 18 மணி நேர ஓட்டத்தில் நிரம்பிவிடும். அப்புறம் பழையதை அழித்து அதன் மேல் புதியதை எழுதும், மறுபடியும் அழிக்கும், மறுபடியும் எழுதும். கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு செல்லையும் இத்தனை முறைதான் அழித்து எழுத முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. சாதாரணக் கார்டு வாங்கினால் அந்த வரம்பைச் சீக்கிரம் எட்டிவிடும். பல சாதாரணக் கார்டுகளின் வாரண்டியில் டேஷ் கேம் போன்ற தொடர் பதிவுக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்றே போட்டிருப்பார்கள். இதெல்லாம் தெரிந்துதான் தொடர் பதிவைத் தாங்கும் "ஹை எண்டியூரன்ஸ்" வகைக் கார்டாகத் தேடி எடுத்தேன்.

ஆர்டர் போடுவதற்கு முன் விற்பனையாளரிடம் சாட்டில் நேராகவே கேட்டேன்: "இது அசல்தானே? டேஷ் கேமில் போடப் போகிறேன், அதனால்தான் கேட்கிறேன்." உடனே பதில் வந்தது. "100% ஒரிஜினல் சார். டேஷ் கேமுக்குன்னே வர்ற கார்டு. கம்பெனி வாரண்டி இருக்கு. கண்ணை மூடிட்டு வாங்குங்க சார், ஏதாவதுன்னா நாங்க இருக்கோம்." அந்தக் கடைசி வாக்கியத்தை இப்போது படித்தாலும் வயிறு எரிகிறது. விற்பனையாளர் பெயருக்குப் பக்கத்தில் "நம்பகமானவர்" என்று தளமே குத்திய முத்திரை வேறு. கீழே பாராட்டு மேல் பாராட்டு: "சூப்பர் கார்டு", "சீக்கிரம் வந்தது", "ஒரிஜினல்தான்".

பார்சல் வந்தது. சீல் உடையாத உறை, தெளிவான அச்சு, கார்டின் பின்புறம் வரிசை எண். கேமராவில் போட்டு ஃபார்மேட் செய்தேன், 119 ஜிபி என்று காட்டியது. கணக்கிடும் முறை வேறு என்பதால் 128 ஜிபி கார்டு அப்படித்தான் காட்ட வேண்டும். அன்றைய ஓட்டத்தை மாலையில் ஃபோனில் போட்டுப் பார்த்தேன், முன்னால் போகும் வண்டியின் நம்பர் வரை படித்தது. ஒரு மனிதன் இதற்கு மேல் எதைப் பார்த்து நம்புவான்?

அப்புறம் விபத்து. பக்கத்துத் தடத்தில் வந்த கார் சிக்னல் போடாமல் குறுக்கே புகுந்து என் வண்டியின் முன்பக்க மூலையைப் பெயர்த்துவிட்டது. பம்பர், விளக்கு, மட்கார்டு எல்லாம் போயிற்று. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. இறங்கியதுமே அந்த ஓட்டுநர் "நீங்கதான் வந்து இடிச்சீங்க" என்று ஆரம்பித்தார். நான் சத்தமே போடவில்லை. "கேமரா இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அவர் முகம் மாறியதையும் பார்த்தேன். அங்கேயே ஃபோனில் ஆப்பைத் திறந்தேன். அன்றைய ஃபைல்கள் வரிசையாக இருந்தன. சரியான நேரத்து ஃபைலைத் தொட்டேன். "இந்த வீடியோவை இயக்க முடியவில்லை." அதற்கு முந்தையது? அதுவும் ஓடவில்லை. அன்று காலையில் பதிந்தது? அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கார்டை கம்ப்யூட்டரில் போட்டேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர், தேதி, நேரம் எல்லாம் சரியாக இருந்தன. அளவும் ஏறக்குறைய 360 எம்பி, மூன்று நிமிட வீடியோவுக்கு வர வேண்டிய அளவேதான். பதிவு நடுவில் மின்சாரம் துண்டித்துப் போனால் எம்பி4 ஃபைல் திறக்காமல் போகும். அப்படிப்பட்டதைச் சரிசெய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஓட்டிப் பார்த்தேன். பலனில்லை. ஃபைலின் உள்ளே இருக்கும் எண்களைக் காட்டும் எடிட்டரில் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பக்கம் பக்கமாகத் தள்ளினாலும் பூஜ்யம்தான். சேதமடைந்த வீடியோவாக இருந்தால் மீட்கலாம். இங்கே மீட்பதற்கு எதுவுமே எழுதப்படவில்லை.

கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிக்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். முடிவு: 14.8 ஜிபி சரி, மீதி 104 ஜிபி காணோம். அதாவது உள்ளே இருப்பது 16 ஜிபி சில்லு. 128 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு நிரலை மாற்றிவிட்டு, மேலே பிரபலமான பெயரை அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

இந்த மோசடி எவ்வளவு கச்சிதமானது என்று பாருங்கள். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கார்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அது உண்மையான 16 ஜிபிக்குள் வந்துவிடுவதால் ஒழுங்காகப் பதிகிறது. முதல் இரண்டு மணி நேர வீடியோவும் அதற்குள்ளேயே அடங்கிவிடும், அதனால் வாங்கிய அன்று பார்த்தால் எல்லாம் அருமையாக ஓடும். அதைத் தாண்டியதும் கார்டு "எழுதிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எதையும் எழுதாது. பொருளடக்கம் மட்டும் அச்சிட்டு மீதிப் பக்கங்களைக் கிழித்துவிட்ட புத்தகம் மாதிரி. டேஷ் கேம்கள் பொதுவாக எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பதில்லை. கார்டு சரி என்றால் அதுவும் சரி என்று எடுத்துக்கொள்கிறது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, பதிவாகிறது என்று நம்பி நானும் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

காப்பீட்டு நிறுவனத்தில் ஆதாரம் இல்லாத வாக்குவாதம் ஆகிவிட்டது. அவர் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன், சாட்சி இல்லை. என் பாலிசியில் நானே ஏற்க வேண்டிய தொகை, பழுதான பாகங்களின் தேய்மானத்துக்குக் கழித்தது எல்லாம் சேர்ந்து என் கையிலிருந்து போனது அரை மாதச் சம்பளம். அந்த மூன்று நிமிட வீடியோ இருந்திருந்தால் அந்தப் பணத்தை எதிர்த் தரப்பிடம் கேட்டு வாங்கியிருக்கலாம்.

இனி தட்டிக்கழித்த கதை. முதலில் அந்த விற்பனையாளர். "ஏதாவதுன்னா நாங்க இருக்கோம்" என்றவர் சோதனை முடிவின் படத்தை அனுப்பியதும் "ஃபார்மேட் பண்ணிப் பாருங்க சார்" என்றார். 104 ஜிபி இல்லவே இல்லை என்கிறேன், அதை ஃபார்மேட் செய்து எப்படி வரவழைப்பது? அடுத்து "கேமரா ப்ராப்ளமா இருக்கும் சார்." கேமரா இல்லாமல் கம்ப்யூட்டரில் செய்த சோதனை இது என்று எழுதினேன். அடுத்து "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு சார்." ஏதாவது ஒரு ஃபைலைத் தேடித் திறக்கும்போதுதான் பொய் வெளிப்படும், அதற்குள் திருப்பித் தரும் காலம் போய்விடும். இவர்கள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான். கடைசியில் வந்த செய்திதான் என்னைக் கொதிக்க வைத்தது: "புகாரை வாபஸ் வாங்குங்க சார், கார்டு விலையில பாதி போட்டு விடறோம்." அசல் கார்டு என்றால் எதற்குப் பாதி விலை? முடியாது என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு என் செய்திகளைப் படித்ததாகக் காட்டுகிறது, பதில் மட்டும் இல்லை.

அப்புறம் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர் சேவை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வருவார், கதையை முதலிலிருந்து கேட்பார், "உங்கள் சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்பார். போலிப் பொருள் என்று நான் சொன்னால் "குறைபாடுள்ள பொருள்" என்று பதிவு செய்துகொள்வார். "நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம் சார், விற்றது அவர்" என்றார் ஒருவர். அப்படியானால் அந்த "நம்பகமானவர்" முத்திரையைக் குத்தியது யார் என்று கேட்டேன். மேலதிகாரி அழைப்பார் என்றார்கள். எந்த அதிகாரியும் அழைக்கவில்லை. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது, கூடவே சேவைக்கு நட்சத்திரம் போடச் சொல்லி இன்னொரு செய்தி. அந்தப் பொருளின் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனத்தையும் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று நீக்கிவிட்டார்கள். "சூப்பர் கார்டு" எல்லாம் அப்படியே இருக்கிறது.

யாருடைய பெயரை அந்தக் கார்டில் அச்சடித்திருந்தார்களோ அந்த நிறுவனத்துக்கும் எழுதினேன். வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு எங்கள் தயாரிப்பு இல்லை, வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் அரை மாதச் சம்பளத்துக்குப் பதில் சொல்ல எங்கேயும் ஆள் இல்லை.

கார்டு, செட்டிங் எல்லாவற்றையும் பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன். அடுத்த புகாருக்கான காகிதங்களைத் தயார் செய்ய வேண்டியிருப்பதால் முக்கியமானதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

கார்டு கைக்கு வந்த அன்றே கம்ப்யூட்டரில் போட்டு முழுதாக நிரப்பிச் சோதியுங்கள். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. சில மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள். காட்டும் கொள்ளளவை நம்பாதீர்கள், ஒரு நாள் ஓட்டிப் பார்த்துச் சரி என்று முடிவு செய்யாதீர்கள். விமர்சனங்களையும் நம்பாதீர்கள். அவை பொருளுக்கு எழுதப்பட்டவை, உங்களுக்கு அனுப்பப் போகும் விற்பனையாளருக்கு அல்ல. ஒரே பக்கத்தில் பத்துப் பேர் விற்கலாம். தயாரிப்பு நிறுவனம் தன் தளத்தில் குறிப்பிட்டிருக்கும் அங்கீகரிக்கப்பட்ட கடையிலேயே வாங்குங்கள்.

உறையில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம், அது டேஷ் கேமுக்குத் தேவையில்லை. யூ3 அல்லது வி30 குறி இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும். 4கே வீடியோவை 40 மெகாபிட்டில் பதிந்தாலும் (8 மெகாபிட் ஒரு எம்பி) நொடிக்கு 5 எம்பிதான் ஆகும், எனவே தாராளம். ஏ1, ஏ2 என்பது ஃபோன் ஆப்களுக்கானது. பார்க்க வேண்டியது எண்டியூரன்ஸ் என்ற சொல்லும், எத்தனை மணி நேரப் பதிவுக்கு உத்தரவாதம் என்பதும். அந்த மணிக்கணக்கு பெரும்பாலும் ஃபுல் ஹெச்டிக்குச் சொல்வது, 4கேயில் குறையும். உங்கள் கேமரா எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழையதை அழித்து மேலெழுதும் லூப் பதிவில் ஒரு ஃபைலின் நீளத்தை ஒன்று அல்லது மூன்று நிமிடமாக வையுங்கள், ஒரு ஃபைல் கெட்டாலும் இழப்பு குறைவு. அதிர்ச்சியை உணரும் ஜி-சென்சாரை அதிக உணர்திறனில் வைத்தால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், மேலெழுதாதபடி ஃபைலைப் பூட்டும். பூட்டிய ஃபைல்கள் குவிந்தால் புதிதாகப் பதிய இடம் குறைந்துகொண்டே போகும். வண்டி நிற்கும்போதும் பதியும் பார்க்கிங் பதிவைத் தேவையில்லாத இடத்தில் அணைத்துவிடுங்கள், கார்டு வீணாகத் தேயும். கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். மாதம் ஒரு முறை, வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். வாரம் ஒரு முறை கடைசியாகப் பதிந்த ஃபைலை ஓட்டிப் பாருங்கள், விளக்கு மினுக்குவதை மட்டும் பார்த்து இருந்துவிடாதீர்கள்.

விபத்து நடந்தால் வண்டியை அணைத்து, கேமரா முழுதாக நின்ற பிறகு கார்டைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் லூப்பில் மேலெழுதிவிடும். சோதனையில் போலி என்று தெரிந்தால் முடிவைப் படமெடுத்துத் திருப்பித் தரும் கெடுவுக்குள்ளேயே புகார் போடுங்கள். பாதி விலைக்கு ஒப்புக்கொண்டு புகாரை மட்டும் வாபஸ் வாங்காதீர்கள்.