கீரை ரூமுக்கு சிஓ2 சிலிண்டர்: ரெண்டரை வருஷம் ஓட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்ல ஒரு ரூமை காலி பண்ணி லைட் போட்டு லெட்யூஸ் வளக்கறான், வளர்ச்சி மந்தமா இருக்கு, சிஓ2, அதான் கார்பன் டை ஆக்சைடு, சிலிண்டர் ஒண்ணு வாங்கிடட்டுமான்னு போன வாரம் போன் பண்ணான். வாங்கலாம், ஆனா அவசரப்படாதேன்னு ஆரம்பிச்சு முக்கா மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிஞ்சுது, மீதியையும் சேத்து எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எங்க வீடு கோயம்புத்தூர்ல. மாடில பத்துக்குப் பத்து ரூம், 9 அடி உயரம், ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, மூணு அடுக்கு ரேக்குல பைப் போட்டு தண்ணி ஓடுது, மேல எல்இடி. முக்கால்வாசி லெட்யூஸ், கொஞ்சம் பேசில், ஒரு தட்டு ஸ்ட்ராபெர்ரி. ரெண்டு கஃபேக்கு வாராவாரம் குடுக்கறேன், பெரிய வியாபாரம்லாம் ஒண்ணும் இல்லீங்க.

வெளிக்காத்துல இப்ப சிஓ2 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காத்துல 420 பங்கு) கொஞ்சம் மேல இருக்கு. அதை 800-லருந்து 1000 வரைக்கும் ஏத்துனா லெட்யூஸ், தக்காளி மாதிரி செடியெல்லாம் 20, 30 சதவீதம் கூட வளரும்னு பசுமைக்குடில்காரங்க ரொம்ப நாளா பண்றதுதான். நெதர்லாந்துல வெஸ்ட்லாண்ட் பக்கம் 2005-லருந்து பெர்னிஸ் ரிஃபைனரில வெளியாகற சிஓ2-வ பைப்லைன்லயே பசுமைக்குடிலுக்குக் கொண்டுபோறாங்க. அவங்களுக்கு பைப்பு, நமக்கு வெல்டிங் கேஸ் கடை. அங்க போய் 10 கிலோ சிலிண்டர் வேணும்னேன், கடைக்கார அண்ணன் மேலயும் கீழயும் பாத்துட்டு "என்னங்க தம்பி, சோடா கடை போடறீங்களா?"ன்னார். கீரைக்குங்கண்ணான்னு சொன்னதுக்கு அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு.

முதல் சிலிண்டர் 9 நாள்ல காலி. ரெகுலேட்டர் லீக்குன்னு நெனச்சு சோப்புத் தண்ணி தடவிப் பாத்தா ஒரு குமிழி வரல. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். என் ரூம்ல இருக்கற காத்து சுமாரா 25 கன மீட்டர், அதுல 600 பிபிஎம் ஏத்த 28 கிராம் கேஸ் போதும். அப்ப ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல எங்க போகுது? ஈரப்பதம் ஏறுதுன்னு நானே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விட்டிருந்தேன். இந்தப் பக்கம் காசு குடுத்து வாங்கி உள்ள விடறது, அந்தப் பக்கம் ஃபேன் வெச்சு வெளிய தள்றது. அது போக ஜன்னலுக்கு மேல வெண்டிலேட்டர், கதவுக்கடில ஒரு விரக்கடை சந்து, ஏசி பைப் போற ஓட்டை. ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு சந்துலயும் காட்டிப் பாத்தேன், ஏசி பைப் ஓட்டைகிட்ட புகை அப்படியே கோடு போட்ட மாதிரி உள்ள இழுத்துட்டுப் போச்சு. எக்ஸாஸ்ட்ட நிறுத்தி, எல்லாத்தையும் ஃபோம், ரப்பர் பட்டி வெச்சு அடைச்சேன். ஸ்ப்ளிட் ஏசி உள்ள இருக்கற காத்தையேதான் சுத்த விடும், அதனால அதுல பிரச்சினை இல்ல. அடுத்த சிலிண்டர் ரெண்டு மாசம் வந்துச்சு.

அந்த சந்தோஷத்துல இருக்கும்போதுதான் பெரிய ஆப்பு. மூணாவது சிலிண்டர் ஒரு மாசம்கூட வரல. மீட்டர் பாத்தா 1000-னு சமத்தா நிக்குது. ஆனா அம்மா பேசில் பறிக்கப் போய்ட்டு வந்து "ஏங்கண்ணு, அந்த ரூம்க்குள்ள அஞ்சு நிமிஷம் நின்னா மண்டை கனக்குதுடா"ன்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டாங்க. லைட் வெளிச்சம்மா, அதான்னு சொல்லி அனுப்பிட்டேன், அத நெனச்சா இன்னிக்கும் எனக்கே கோவம் வருது. வேற ஒரு மீட்டர் வாங்கி மொதல்ல மொட்டை மாடில வெச்சேன், 430. ரூம்க்குள்ள கொண்டு போனேன், 3100.

விஷயம் என்னன்னா, விலை கம்மியா கிடைக்கற சென்சார் நிறைய தானா காலிப்ரேட் பண்ணிக்கற மாதிரி வருது. கடைசி சில நாள்ல தான் பாத்த குறைஞ்ச அளவு எதுவோ அதுதான் வெளிக்காத்து, அதாவது 400-னு அதுவே முடிவு பண்ணிக்கும். ஆபீஸ், வீடுன்னா சரி, எப்படியும் ராத்திரி ஆள் இல்லாதப்ப 400 பக்கம் இறங்கிடும். நான்தான் ரூமை நல்லா அடைச்சுட்டேனே, ராத்திரி கேஸ் ஆஃப் ஆனாலும் 800-க்குக் கீழ இறங்கறதே இல்ல, அது போக இருட்டுல செடியும் சிஓ2 வெளிவிடும். சென்சார் அந்த 800-ஐ 400-னு எடுத்துக்கிச்சு, அதைப் பாத்து கேஸ் வால்வைத் தெறந்து மூடற கன்ட்ரோலர் இன்னும் கேஸ் விட்டுச்சு, மறுநாள் ராத்திரி அளவு இன்னும் மேல நின்னுச்சு, இப்படியே ஒவ்வொரு நாளும் ஒரு படி. ஓட்டை ரூமா இருந்திருந்தா இந்தக் கூத்து நடந்தே இருக்காது. இப்ப வெச்சிருக்கறதுல அந்த ஆட்டோ காலிப்ரேஷனை ஆஃப் பண்ணிட்டேன், மாசம் ஒருவாட்டி மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் பாத்துக்கறேன். இன்னொண்ணு, இ-சிஓ2-னு போட்டு விக்கற சென்சார் சிஓ2-வ அளக்கறதே இல்ல, வேற வாயு வாசனையெல்லாம் வெச்சு குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்லும், அதை வெச்சு கேஸ் வால்வை ஓட்டவே ஓட்டாதீங்க.

சிலிண்டர் எங்க வெக்கறதுங்கறதுல விளையாட்டு கூடாது. 10 கிலோ கேஸ் மொத்தமா வெளிய வந்தா 5500 லிட்டர், என் ரூம்ல அஞ்சுல ஒரு பங்கு. உள்ள ஆள் இருந்தா அவ்ளோதான். எட்டு மணி நேர வேலைக்கு 5000 பிபிஎம்தான் வரம்பு, 40,000 போனாலே உயிருக்கு ஆபத்து, இது 2 லட்சம். நிறமும் கெடையாது, மணமும் கெடையாது, காத்தை விட கனம்ங்கறதால தரையோட தேங்கும். அதனால சிலிண்டர் ரூமுக்கு வெளிய, நிழல்ல, சங்கிலி போட்டு நிமித்தி நிக்குது. ஒரு சின்ன ட்யூப் மட்டும் உள்ள வருது, ஃப்ளோ மீட்டரைக் குறைச்சு வெச்சிருக்கேன், வால்வு தெறந்தபடி மாட்டிக்கிட்டாலும் மெதுவாதான் ஏறும். உள்ள போறதுக்கு முன்னாடி பாக்கற மாதிரி கதவுக்கு வெளியவே டிஸ்ப்ளே.

சிலிண்டர்ல எவ்ளோ மிச்சம்னு ப்ரெஷர் கேஜ் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. உள்ள திரவமா இருக்கற வரைக்கும் முள் அசையாது, வெயிலுக்கு ஏறும், குளிருக்கு இறங்கும், அவ்ளோதான். முள் இறங்க ஆரம்பிச்சா கதை முடியப் போகுதுன்னு அர்த்தம். கழுத்துல காலி எடை அடிச்சிருப்பாங்க, தராசுல வெச்சு அதைக் கழிச்சுக்கங்க. நான் ஒருவாட்டி சோம்பேறித்தனமா விட்டதுல காலைலயே கேஸ் தீந்து போய், சாயங்காலம் பாத்தா ரூம்ல 230. அடைச்ச ரூம்ல செடியே உள்ள இருக்கறதை எல்லாம் தின்னு தீத்துடுது, வெளிக்காத்து வர வழியும் இல்ல. சிலிண்டரே இல்லாம ஓட்டை ரூம்ல வளத்தப்பகூட 370-க்குக் கீழ போனதில்ல.

சரி, பலன் என்ன? லெட்யூஸ் விதைல இருந்து அறுவடைக்கு 42 நாள் ஆய்ட்டு இருந்துச்சு, இப்ப 36. ஒரு செடி 150 கிராம் நின்னது 180, 185 வருது. ஆனா வேகமா வளரவும் வேற ஒண்ணு வந்துச்சு, உள் இலையோட ஓரம் காபி கறை பட்ட மாதிரி கருகுது. சிஓ2 கூடுனா இலைத்துளை கொஞ்சம் மூடிக்கும், செடி தண்ணி இழுக்கறது குறையும், தண்ணியோட போக வேண்டிய கால்சியம் உள் இலை வரைக்கும் போய்ச் சேராது. கால்சியம் உரத்தை ஏத்தி ஏத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. செடி நடுக்குருத்துல படற மாதிரி மேலருந்து சின்ன ஃபேன் போட்டதும்தான் அடங்குச்சு.

ஸ்ட்ராபெர்ரி கதை சோகம். மார்கழி, தை குளுர்ல ஏசி ஓடாது, ஏசி ஓடாட்டி ஈரம் வெளியேறாது, அடைச்ச ரூம்ல 85 சதவீதம் தாண்டிடுச்சு, இலை பூரா மாவு தூவுன மாதிரி சாம்பல் நோய். டீஹ்யூமிடிஃபையர் வாங்கினேன். கேஸுக்குக் குடுக்கறது ஒண்ணும் பெருசில்ல, அடைச்ச ரூமை ஓட்டற கரண்ட் பில்லுதான் முழி பிதுங்க வெக்கும், அதை யாரும் மொதல்ல சொல்றதில்ல.

அம்மா ஒரு தட்டுல சிறுகீரையும் அரைக்கீரையும் தூவி விட்டாங்க. சிஓ2-க்கு அது ரெண்டும் அசையவே இல்ல. அப்புறம்தான் உறைச்சுது, சிறுகீரை, தண்டுக்கீரை வகையெல்லாம் சி4 செடி, கரும்பு, மக்காச்சோளம் மாதிரி. இலைக்குள்ளயே சிஓ2-வ சேத்து வெச்சுக்கற வசதி அதுக்குப் பொறப்புலயே இருக்கு, நாம தனியா ஊட்ட வேண்டியதில்ல. பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லிக்கு வேலை செய்யும்.

சிலிண்டருக்குப் பதிலா ஈஸ்ட் சக்கரை பாட்டில் ஆரம்பத்துல நானும் கட்டிப் பாத்தேன். ஒரு கிலோ சக்கரை முழுசா புளிச்சாலும் அரை கிலோ கேஸ்தான் வரும், ரூம் பூரா கள்ளுக்கடை வாசம். கேஸ் அடுப்பு எரிக்கறது சுத்தமா வேண்டாம், நம்ம ஊர் சூட்டுக்கு அந்த அனலையும் ஏசிதான் இழுக்கணும், சரியா எரியலைன்னா கார்பன் மோனாக்சைடு வேற.

ஃப்ரெண்டுகிட்ட கடைசியா, காசை எடுக்கறதுக்கு முன்னாடி லைட் போதுமா பாரு, லைட் கம்மியா இருந்தா எவ்ளோ கேஸ் விட்டாலும் பெருசா பிரயோஜனம் இல்ல, அப்புறம் ஒரு ஊதுபத்தி கொளுத்தி சந்து பொந்தெல்லாம் காட்டிப் பாருன்னேன். நேத்து வீடியோ அனுப்பினான். கதவுக்கடில வெச்ச புகை கால் நிமிஷத்துல ஹாலுக்குப் போய்டுச்சு, பின்னாடி அவங்க பாட்டி "இன்னிக்கு என்னடா விசேஷம்?"னு கேக்கறது கேக்குது.