பில்லில் இருந்த பயாப்ஸி லேபுக்குப் போகவே இல்லை

மும்பை செம்பூரில் இருக்கிறோம். அக்காவுக்கு 2015-இல் கிட்னி மாற்று ஆபரேஷன், கொடுத்தது அம்மா. அன்றிலிருந்து டாக்ரோலிமஸ், அசாதயோப்ரின் மாத்திரைகள் ஒரு வேளை தவறியதில்லை.

போன வருஷம் இடது மேல் இமையில் ஒரு கட்டி. வலி இல்லை. ஸ்டேஷன் பக்கம் பளபளவென்று இருக்கும் ஒரு கண் கிளினிக்கில், "கண்கட்டிதான், கீறிவிட்டால் சரி" என்றார்கள். 'வேறு நோய்' என்ற கட்டத்தில் அக்கா கிட்னி விஷயத்தை எழுதித்தான் கொடுத்தாள். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கீறினார்கள். மூன்று மாதத்தில் அதே இடத்தில் மறுபடி. மறுபடி கீறல். தடவைக்கு ₹9,500.

இதற்குள் அந்த இடத்தில் இமைமுடி கொட்டிவிட்டது. மை தீட்டும்போது அக்காவே கவனித்தாள். சொன்னதற்கு, "வயசாகுதில்ல" என்று சிரித்தார்கள். அவளுக்கு 46.

சந்தேகப்பட்டது கிட்னி டாக்டர். வழக்கமான செக்கப்பில் இமையைப் பார்த்தவர், "ரெண்டு தடவை எடுத்த சதையோட பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பில்களைத் தேடினேன். இரண்டிலும் 'பயாப்ஸி ₹1,800' இருக்கிறது. ரிப்போர்ட் இல்லை. கிளினிக் லேபைக் கைகாட்டியது. லேபிலோ அக்கா பெயரில் சாம்பிளே வரவில்லை. நாலாவது தடவை போய் நின்றபோதுதான் மேனேஜர் வாய் திறந்தார்: "அது பேக்கேஜ்ல தானா வர்ற லைன் சார்." சதை குப்பைக்குப் போயிருக்கிறது!

வேறு ஆஸ்பத்திரியில் எடுத்த பயாப்ஸியில் செபேஷியஸ் கார்சினோமா. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய். மேல் இமையில்தான் அதிகம், கண்கட்டி மாதிரியே வேஷம் போடும். மாற்றுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் காக்கிற மாத்திரைகள், புற்று செல்லைப் பிடிக்கிற காவலையும் தளர்த்திவிடுகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வெள்ளை விழியில் சதை வளர்ந்தாலும் இதே கதைதான். அது புற்றாக இருக்கலாம்; சாதாரணச் சதை வளர்ச்சி என்று சொட்டு மருந்தோடு விட்டால் ஆபத்து.

மேல் இமையில் பாதிக்கு மேல் வெட்டி, கீழ் இமையிலிருந்து சதையை ஏற்றித் தைத்தார்கள். கண் சில வாரம் மூடியே கிடந்தது. புற்று பரவியதற்கு அடையாளமாகக் காதுக்கு முன்னால் நெறி கட்டவில்லை, அந்த மட்டில் தப்பித்தோம்.

உங்கள் வீட்டில் இப்படி மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், இமையில் எதைக் கீறினாலும் லேப் ரசீது எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.

₹3,600-ஐத் திருப்பித் தருகிறார்களாம், 'புகார் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால். அக்கா போடவில்லை.