ஒரு வின்ச் கியர், நாலு வழி: ஃபோர்மேன், எக்செல், விதிப்பட்டியல், சால்வர்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். கடலூர் துறைமுகத்து விசைப்படகு ஒன்றின் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி) கியர் அந்த நாட்களில் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேஸிங் (கியர் உட்காரும் கூடு) பழையது, மாற்ற முடியாது. பினியன் (சின்ன கியர்) மையத்துக்கும் வீல் (பெரிய கியர்) மையத்துக்கும் இடையே 120 மி.மீ. வேகக் குறைப்பு 3-க்கு 1. வீலின் வெளிவிட்டம் 185 மி.மீ.யைத் தாண்டினால் உள்ளே சுழலாது. 20 டிகிரி அழுத்தக் கோணம் உள்ள கியரில் பினியனுக்கு 17 பல்லாவது வேண்டும். கையில் இருப்பது 3, 4 மாட்யூல் (பல்லின் அளவு) ஹாப் (பல் வெட்டும் கருவி) மட்டும். எந்த மாட்யூலில் எத்தனை பல் வெட்டுவது என்பதை நாலு வழியில் தேடிப் பார்ப்போம்.

ஃபோர்மேன் துண்டுச் சீட்டிலேயே போட்டுவிடுவார். 3 மாட்யூல், 20 பல், 60 பல். மைய தூரம் சரியாக 120. ஆனால் வீல் விட்டம் (பல் + 2) × மாட்யூல், அதாவது 62 × 3 = 186. ஒரு மில்லி இடிக்கிறது. 4 மாட்யூலில் 15-க்கு 45. பினியனும் சிறியது, வீலும் 188.

எக்செல் இதே கணக்கை வேகமாகப் போடும், ஆனால் ஒரே திசையில். மாட்யூலும் பல்லும் கொடுத்தால் விட்டம் வரும். ‘185-க்குள் அடங்க எத்தனை பல்?’ என்று திருப்பிக் கேட்டால், விடையிலிருந்து பின்னோக்கித் தேடும் அதன் கோல் சீக் வசதி ஒரு செல்லைத்தான் மாற்றும். பல் எண்ணிக்கை தசமத்தில் வந்து நிற்கும். அதிலேயே இருக்கும் சால்வர் ஆட்-இன் முழு எண் நிபந்தனையை ஏற்கும். இந்த அளவு கணக்குக்கு அதுவே போதும்.

‘இப்படி என்றால் அப்படி’ என்று விதிகளாக எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1980 வாக்கில் வாக்ஸ் கணினிகளுக்கான பாகங்களைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்க எக்ஸ்கான் என்ற விதி நிரலைப் பயன்படுத்தத் தொடங்கியது. அது நன்றாகவே உழைத்தது. ஆனால் விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகி, புதுப் பாகம் வரும்போதெல்லாம் திருத்துவதே பெரும் வேலையானது. பட்டறையிலும் அதே கதைதான். புதிதாக ஒரு ஹாப் வாங்கினால் எத்தனை விதியைத் தொட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

நிபந்தனை சால்வர் என்பது எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்தும் விடையைத் தானே தேடும் நிரல். அதில் உறவை ஒருமுறை எழுதினால் போதும்: மாட்யூல் × இரண்டு பல் எண்ணிக்கைகளின் கூட்டல் ÷ 2 = மைய தூரம். எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கலாம். இப்படி எழுத உதவும் மினிஜிங்க், கூகுளின் ஓ.ஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள சிபி-சாட் சால்வர் இரண்டுமே இலவசம். சிபி-சாட் முழு எண்ணை மட்டுமே எடுக்கும் என்பதால் 2.5 மாட்யூலை 25 என்று பத்தால் பெருக்கி எழுத வேண்டும்.

நம் கியருக்கு அது ‘விடை இல்லை’ என்று சொல்லும். எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான். எந்த நிபந்தனைகள் மோதுகின்றன என்று கேட்டால் ஹாப் பட்டியல், 120, 3-க்கு 1, 185 ஆகிய நான்கையும் காட்டும். 17 பல் அதில் வராது. அதாவது 17-ஐத் தளர்த்தி நேரம் வீணாக்க வேண்டாம். மற்றவற்றைத் தளர்த்தினால் 2.5 மாட்யூல் ஹாப் வாங்கி 24-72, விட்டம் கச்சிதமாக 185. அல்லது 3 மாட்யூலிலேயே 21-59, விட்டம் 183, விகிதம் 2.81. படகுக்காரரிடம், “அண்ணே, கயிறு கொஞ்சம் வேகமா சுத்தும், இழுவை ஆறு சதவீதம் குறையும், பரவாயில்லையா?” என்று தெளிவாகக் கேட்கலாம்.

ஆனால் அனுபவமுள்ள ஃபோர்மேன் இன்னொன்று சொல்வார்: கரெக்‌ஷன் போட்டு வெட்டலாமே! ஹாப்பை வீலில் அரை மில்லி கூடுதலாக இறக்கி, பினியனில் அரை மில்லி விலக்கி வெட்டினால் 20-60 அப்படியே இருக்கும், மைய தூரம் மாறாது, வீல் 185 ஆகிவிடும். சால்வருக்கு இது தோன்றாது. விட்டம் என்றால் மாட்யூல் × (பல் + 2) என்றுதான் நாம் எழுதிக் கொடுத்தோம். கரெக்‌ஷனையும் ஒரு மாறியாகச் சேர்த்துவிட்டால் அடுத்த ஆர்டரிலிருந்து அதுவும் தேடலுக்குள் வந்துவிடும். அதனால் ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் சால்வருக்கு எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

வேலை வரிசை போடுவது வேறு விஷயம். அங்கே மனிதக் கணக்கு சீக்கிரம் தோற்றுவிடும். 1963-இல் வெளியான, 10 வேலையை 10 இயந்திரங்களில் ஓட்டும் ஒரு புகழ்பெற்ற கணக்குக்கு 930 நேர அலகுதான் மிகக் குறைந்த நேரம் என்பது 1989-இல்தான் நிரூபிக்கப்பட்டது. இன்று சிபி-சாட் அதைச் சாதாரண லேப்டாப்பில் முடித்துவிடுகிறது. எந்தப் பொருளை எத்தனை செய்தால் லாபம் என்ற வகைக் கேள்விக்கு நேரியல் நிரலாக்கம் நல்லது. எதற்கு அப்புறம் எது என்றால் நிபந்தனை சால்வர்தான்.

மாதம் நாலைந்து ஆர்டர் என்றால் ஃபோர்மேனும் எக்செலும் போதும். தடைக்காலத்தில் ஒரே ஹாப்பிங் மெஷின் முன்னால் பத்துப் பன்னிரண்டு படகு வேலை நின்று, எல்லாருக்கும் ஜூன் 14-க்குள் வேண்டுமென்றால் சிபி-சாட்டுக்குப் போங்கள். முதலில் கையில் இருக்கும் ஹாப், கட்டர் பட்டியலைச் சரியாக எழுதி வையுங்கள். அது தப்பாக இருந்தால் எந்த சால்வரும் வெட்ட முடியாத கியரைத்தான் தரும்.