காம்போசிஷனா, ரெகுலரா? வாங்குபவர் யார் என்று முதலில் பாருங்கள்

கரூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் காம்போசிஷனில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜி.எஸ்.டி.யாகக் கட்டும் திட்டம்) இருந்துவிட்டு ரெகுலர் ஜி.எஸ்.டி.க்கு மாறியவன். புதிதாகக் கடை போடுகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

காம்போசிஷனின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் வியாபாரிக்கு 1 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை சிஎம்பி-08 படிவத்தோடு வரி, வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன். வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. அந்த 1 சதவீதத்தைப் பில்லில் போட்டு வாங்கவும் கூடாது, நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இனி கணக்கு. ஒரு ஒயர் காயில் (சுருள்) எனக்கு வாங்கும் விலை 1,000 ரூபாய், வரி 180. காம்போசிஷனில் அந்த 180 திரும்பாது. 1,400க்கு விற்றால் 14 ரூபாய் வரி போக 206 நிற்கும். ரெகுலரில் அதே 1,400க்குள் வரி 213.56, இன்புட் (வாங்கும்போது கொடுத்த வரி) 180 கழித்து 33.56 கட்டினால் 186.44 நிற்கும். வீட்டுக்காரர் வந்து பல்பு வாங்கும் கடைக்கு காம்போசிஷனே போதும்.

என் சரக்கில் பாதிக்கு மேல் டெக்ஸ்டைல் யூனிட்டுகளுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் போகிறது. ஒரு யூனிட்டின் பர்ச்சேஸ் மேனேஜர் என் பில்லைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல டாக்ஸே இல்லையே, எங்களுக்கு இன்புட் வராதே" என்று மேசைமேல் திருப்பி வைத்தார். ரெகுலர் பில் கொடுத்தால் அவருக்கு அந்தக் காயில் 1,186 ரூபாய்தான் அடக்கம். என் பில்லில் முழுசாக 1,400. அடுத்த மாதம் ஆர்டர் வரவில்லை. காயிலுக்கு இருபது ரூபாய் மிச்சம் பிடித்து ஒரு யூனிட்டையே இழந்தேன்.

ரெகுலரில் வேலை அதிகம், மறைக்க மாட்டேன். விற்பனை 5 கோடிக்குள் இருப்பதால் ரிட்டர்னைக் காலாண்டுக்கு ஒருமுறை போடுகிறேன். ஆனால் காலாண்டின் முதல் இரண்டு மாத வரியையும் அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அந்த மாதங்களின் பில்களை அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஐ.எஃப்.எஃப். என்ற ஆன்லைன் வசதியில் ஏற்றாவிட்டால் காலாண்டு முடியும்வரை வாங்கியவரின் 2பி-யில் (அவருக்குக் கிடைக்கும் இன்புட்டைக் காட்டும் பட்டியல்) தெரியாது, போன் வந்துகொண்டே இருக்கும். எனக்குச் சரக்குப் போடுபவர் பில் ஏற்றாவிட்டால் என் இன்புட்டும் நிற்கும். அதனால் சப்ளையரை விலை மட்டும் பார்த்துப் பிடிப்பதை விட்டுவிட்டேன்.

ஓட்டலுக்கும் சேவைத் தொழிலுக்கும் விகிதமே வேறு. நான் நடத்திப் பார்த்ததில்லை, என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாறுகிறவர்கள் பழைய கொள்முதல் பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓராண்டுக்குள் வாங்கி இன்னும் விற்காத சரக்குக்கு, 30 நாளுக்குள் ஐ.டி.சி.-01 படிவம் போட்டால் இன்புட் கிடைக்கும். மார்ச் 31 இரவு ஷட்டரை இறக்கிவிட்டு, நானும் தம்பியும் பில்லும் கையுமாக ஒவ்வொரு காயிலாக எண்ணி முடிக்க மணி இரண்டு.