வீட்டுப் பட்டறைக்குச் சுடுதண்ணீர்: ஸ்டோரேஜ் ஹீட்டருடன் ஐந்து வருடம்

சுங்கை சிப்புட்டில் வீட்டின் பின்கட்டில் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறேன். புல்வெட்டும் மெஷின், செயின்சா, தோட்டத்தில் 'சந்தாஸ்' என்று சொல்கிற செம்பனைக் குலை வெட்டும் மோட்டார் கத்தி, இடையிடையே மோட்டார் சைக்கிள். இவைதான் வேலை. பட்டறைச் சுவரில் 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர், அதாவது தண்ணீரைத் தொட்டியில் சூடாக்கி வைத்திருக்கிற வகை, மாட்டி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்னால் இன்ஸ்டன்ட் ஹீட்டரையும் கேஸ் ஹீட்டரையும் இதே வேலைக்குப் பயன்படுத்தினோம். பட்டறைக்கு ஹீட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்று நினைக்கிறேன்.

இந்த வெயிலில் சுடுதண்ணீர் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். தோட்டத்திலிருந்து வருகிற மெஷினைப் பார்த்தால் தெரியும். செயின் ஆயில், செம்மண், செம்பனை நார் மூன்றும் சேர்ந்து இறுகி, கியர் கவரின் மேல் அடையாக ஒட்டியிருக்கும். பச்சைத் தண்ணீரும் சோப்பும் போட்டால் அது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும், அவ்வளவுதான். 60 டிகிரித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்தால் பிரஷ்ஷிலேயே வந்துவிடும். கைக்கும் அப்படித்தான். சுடுதண்ணீர் இல்லாத பட்டறைகளில் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கை கழுவுவது இன்னும் சாதாரணமாக நடக்கிறது. அது தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். கை வறண்டு, வெடித்து, அரிக்கத் தொடங்கும். இந்தத் தொழிலில் மூத்தவர்கள் பலருடைய கைகளை நான் பார்த்திருக்கிறேன். நான் சுடுதண்ணீருக்குச் செலவு செய்ததற்கு முதல் காரணம் அந்தக் கைகள்தான்.

முதலில் இன்ஸ்டன்ட் ஹீட்டர், தண்ணீர் ஓடும்போதே சூடாக்குகிற வகை. வீட்டை வாங்கியபோதே குளியலறையில் 3.6 கிலோவாட்டில் ஒன்று இருந்தது. பட்டறை அதற்கு அடுத்த சுவர் என்பதால் அதிலிருந்து ஹோஸ் இழுத்துப் பிடித்தோம். குளிக்க அது நல்ல சாமான். பட்டறைக்கு ஒத்து வராது. காரணம் பிராண்ட் இல்லை, கணக்கு. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 27 டிகிரியில் வருகிறது. அதை 45-க்கு ஏற்ற வேண்டுமானால் 3.6 கிலோவாட்டில் நிமிடத்துக்கு 3 லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். 60 டிகிரி வேண்டுமென்றால் ஒன்றரை லிட்டர். அவ்வளவு மெல்லப் போனால் பல மாடல்களில், தண்ணீர் ஓட்டத்தைப் பார்த்து ஹீட்டரை இயக்குகிற ஃப்ளோ சுவிட்ச் அணைந்துவிடும். தவிர, குளிப்பதற்குச் செய்த ஹீட்டரை 60 வரை போக விடவும் மாட்டார்கள். வாளி நிரம்பும் வரை நிற்க யாருக்கும் பொறுமை கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷவர் வகை இன்ஸ்டன்ட் ஹீட்டரில் தண்ணீர் வெளிவரும் பக்கத்தில் குழாய் வைத்து மூடக் கூடாது, ஆபத்து. அந்தப் பக்கம் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஹோஸ் முனையில் துப்பாக்கி நாசில் மாட்டி அடைப்பதும் அதே ஆபத்துதான். இதைப் பல வீடுகளில் கவனிப்பதில்லை.

அடுத்து கேஸ். மச்சான் கேட்டரிங் தொழிலை விட்டபோது அவரிடமிருந்த கேஸ் ஹீட்டரைக் கொடுத்தார். சக்தி என்றால் அதுதான் சக்தி: நிமிடத்துக்குப் பத்து லிட்டரை 25 டிகிரி ஏற்றிக் கொடுக்கும். 14 கிலோ கேஸ் தோங் மானிய விலையில் 26 வெள்ளி 60 சென் என்பதால் செலவும் கடிக்கவில்லை. ஆனால் ஒரு மாடி வீட்டில், கூரைத் தொட்டிக்கும் பட்டறைக் குழாய்க்கும் இடையே உயரம் இரண்டு மூன்று மீட்டர்தான். ஒரு மீட்டருக்கு 0.1 பார் என்று வைத்தால் கிடைக்கிற அழுத்தம் 0.3 பாரைத் தாண்டாது. தண்ணீரின் தள்ளுதலை வைத்துப் பற்றிக்கொள்கிற ஹீட்டருக்கு அது போதாமல், தீ பிடிப்பதும் அணைவதுமாக இருந்தது. பம்ப் வைத்தால் அதைத் தீர்த்துவிடலாம்.

தீர்க்க முடியாத விஷயம் வேறு. பட்டறையில் பெட்ரோல் இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாவது சிந்தும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, எட்ட இருக்கிற தீயையும் போய்த் தொடும். திறந்த தீ எரிகிற எதுவும் அந்தக் கூரைக்குக் கீழ் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும் என்பது இன்னொரு காரணம். தையல், பலகாரம், சோப்பு என்று பெட்ரோல் இல்லாத வேலை செய்பவர்கள் கேஸ் ஹீட்டரை வெளிச்சுவரில் மாட்டி நன்றாகவே பயன்படுத்தலாம். இஞ்சின் வேலை செய்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம்தான் ஸ்டோரேஜ் ஹீட்டர். பட்டறையில் சுடுதண்ணீர் ஒரே மூச்சில் தேவைப்படுவதில்லை. காலையில் ஒரு வாளி, மத்தியானம் கை கழுவ, மாலையில் இரண்டு வாளி. விட்டு விட்டு வருகிற தேவைக்குத் தொட்டிதான் சரி. 25 லிட்டரை 27-லிருந்து 60-க்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான கரண்ட் போகிறது, 1.5 கிலோவாட் எலிமென்ட் என்றால் நாற்பது நிமிடம். பட்டறையைத் திறந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தால் தண்ணீர் தயார். 60 டிகிரித் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40-க்குக் கொண்டுவந்தால் கணக்குப்படி 60 லிட்டர் வரும். நடைமுறையில் அதில் முக்கால்வாசி. கூரைத் தொட்டியின் குறைந்த அழுத்தமும் இதற்குப் பிரச்சினை இல்லை. மெல்ல வந்தாலும் சூடாகவே வரும்.

கலக்கும் குழாய் கட்டாயம் வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். பள்ளிவிட்டு வருகிற பிள்ளைகள் பட்டறைக் குழாயில்தான் கால் கழுவுவார்கள்.

இனி வயரிங். ஹீட்டர் விலையைப் பற்றி அலசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டேன். இருக்கிற பிளக்கிலேயே மாட்டிவிடலாமா அண்ணே என்று கேட்டதற்கு, "தம்பி, நீங்க ஈரத் தரையில வெறுங்காலோட நிக்கிறீங்க. தனி லைன் இல்லாம நான் கை வைக்க மாட்டேன்" என்றார். கரண்ட் அளவுக்கு மேல் போனால் துண்டிக்கிற தனி எம்சிபி, இரண்டு கம்பியையும் துண்டிக்கிற 20 ஆம்பியர் சுவிட்ச், 10 மில்லியாம்பியர் கரண்ட் கசிந்தாலே துண்டிக்கிற ஆர்சிடி. ஈரமான இடத்துக்கு 10 மில்லியாம்பியர் என்பது 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளிலேயே இருக்கிறது. பழைய வீடுகளில் 100 மில்லியாம்பியர் ஒன்றை வைத்து முழு வீட்டையும் ஓட்டுவார்கள். உயிரைக் காப்பாற்ற அது போதாது. எர்த்தையும் மீட்டர் வைத்து அளந்து காட்டினார். வயரிங் செலவு ஹீட்டர் விலையில் பாதிக்கு மேல் வந்தது. ஒரு வெள்ளிகூட வீண் இல்லை.

ஆர்சிடியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கிறேன். மாலை இடி மழையில் அது சில சமயம் தானாகவே விழுந்து கரண்டைத் துண்டிக்கும். எலெக்ட்ரானிக் போர்டும் பம்ப்பும் உள்ள இன்ஸ்டன்ட் ஹீட்டர்கள் மின்னலில் போவதை எங்கள் வரிசையிலேயே பார்த்திருக்கிறோம். சாதாரண தெர்மோஸ்டாட் வைத்த தொட்டி ஹீட்டரில் போவதற்குப் போர்டே இல்லை. என்னுடையது இன்றுவரை மின்னலில் அடிவாங்கவில்லை.

பராமரிப்பு இரண்டு விஷயம்தான். எனாமல் பூசிய இரும்புத் தொட்டிக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும்; தொட்டிக்குப் பதிலாக அது அரித்துப்போகும். இரண்டாம் வருடக் கடைசியில் திறந்தபோது பென்சிலைவிட மெலிந்திருந்தது, மாற்றினேன். அப்போதே அடியில் தேங்கிய பழுப்புச் சேற்றையும் வடித்துவிட்டேன். செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ் தொட்டி என்றால் கம்பி விஷயம் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். இரண்டாவது, பாதுகாப்பு வால்வு. சூடேறும்போது சொட்டுச் சொட்டாக வடியலாம். தண்ணீர் சூட்டில் பெருகுகிறது. 25 லிட்டரில் கால் லிட்டருக்கு மேல் கூடும், அது வெளியே போகத்தான் வேண்டும். சொட்டுகிறதே என்று அடைத்தவர்களைத் தெரியும். அடைத்தால் அந்தத் தொட்டி வெடிக்கக்கூடிய பொருளாகிவிடும்.

கரண்ட் பில்லைப் பொறுத்தவரை, தேவையில்லாதபோது அணைத்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்கப் போட்டு வைத்தால்தான், தண்ணீரைத் தொடாமலே கரண்ட் போகும். மத்தியானம் அணைத்தாலும் மாலை வரை கை கழுவச் சூடு நிற்கிறது.

சூரிய ஹீட்டரையும் விசாரித்தேன். பெரிய குடும்பத்துக்கு நல்லது. ஒரு பட்டறைக் குழாய்க்காக ஆயிரக்கணக்கில் போடுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அலுமினியக் கவரும் கார்புரேட்டரும் கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுடுதண்ணீரில் காஸ்டிக் சோடா கலக்காதீர்கள். அது அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளியேற்றும், சூட்டில் இன்னும் வேகமாக. சாதாரண சோப்பே போதும். ஹீட்டரைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேலே மாட்டுங்கள், பெட்ரோல் ஆவி கீழேதான் தங்கும். குழாய்க்கும் ஹீட்டருக்கும் இடையே தூரம் குறைவாக இருக்கட்டும். எனக்கு நான்கு மீட்டர் பைப்பு ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் முதலில் வருகிற பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம். அடுத்த முறை மாற்றும்போது ஹீட்டரைக் கழுவும் இடத்துக் குழாய்க்கு நேர் மேலே கொண்டுவருவதாக இருக்கிறேன்.